ஒரே செய்தி, ஆறு வாசகர்கள்: பெங்களூரு குடியிருப்பு ஒன்றில் தண்ணீர் அறிவிப்பு எழுதிய அனுபவம்

2024 பிப்ரவரி கடைசி வாரத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டு போர்வெல்களில் ஒன்று வற்றிப்போனது. பம்ப் ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே வந்து சொன்னபோது காலை ஆறரை மணி. “மொதல்ல மண்ணு வந்துச்சு, இப்ப வெறும் காத்துதான் வருது” என்றார். அதுவரை நாளுக்கு மூன்று டேங்கர் வாங்கிக்கொண்டிருந்தோம். மார்ச் முதல் வாரத்தில் அது ஏழானது.

நாங்கள் இருப்பது நகரின் கிழக்கு ஓரம். 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களில் ஒன்று. காவிரிக் குழாய் அப்போது எங்கள் தெருவரை வந்திருக்கவில்லை. மொத்தம் 96 வீடுகள், அதில் ஏறக்குறைய பாதி வாடகைக்கு இருப்பவர்கள். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுகிறவள். அதனால் சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, “உங்களுக்கு எழுத்துதானே வேலை, ஒரு நோட்டீஸ் போட்டுக் கொடுத்துடுங்க” என்றார். அந்த ஒரு நோட்டீஸ் இரண்டு மாதத்தில் ஆறாகப் பிரிந்தது. எங்கே தவறினேன், எது பலித்தது என்பதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதல் நோட்டீஸ்

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பத்தியில் நகரத்தின் நிலைமை, இரண்டாவதில் நிலத்தடி நீர் ஏன் இறங்கியது, மூன்றாவதில் குடியிருப்பின் நிலைமை, அதற்கப்புறம் செய்யவேண்டியவை பதினான்கு. கார் கழுவாதீர்கள், ஷவர் வேண்டாம், வாஷிங் மெஷினை முழுதாக நிரப்பிப் போடுங்கள், ஆர்.ஓ. கழிவுநீரைப் பிடித்துவையுங்கள், வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சொல்லுங்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. தகவலில் பிழை ஒன்றும் இல்லை. லிஃப்டுக்குள் ஒன்று, கேட்டில் ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று என ஒட்டினோம்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே ஏழு டேங்கர். கேட்டில் நின்ற காவலாளி அஸ்ஸாமிலிருந்து வந்த பையன். “இதில் என்ன போட்டிருக்கு?” என்று என்னிடமே இந்தியில் கேட்டான். இரண்டாவது மாடியில் ஒருவர் நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஏன் சரியாக ஓடவில்லை என்று நீளமான பதில் எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நான் அவரிடம் கேட்டது அதுவல்ல. மற்றவர்கள் படித்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். பதினான்கில் இரண்டு மூன்றுதான் தங்களுக்கு உரியவை, மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நான் எழுதியதே அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு காகிதத்தில், நம் குடியிருப்பில் தண்ணீரை யார் யார் கையால் தொடுகிறார்கள் என்று எழுதினேன். குழாயைத் திறப்பவர், டேங்கரைக் கேட்டுக்குள் விடுபவர், காசு கொடுப்பவர், பக்கெட்டை உருட்டி விளையாடுபவர். இவர்கள் ஒவ்வொருவரும் நோட்டீஸைப் படித்து முடித்ததும் கை எதன்மேல் போகவேண்டும் என்று யோசித்தபோது, ஒவ்வொரு கையும் வேறு வேறு இடத்துக்குப் போனது. அதன்பிறகுதான் ஒரே நோட்டீஸ் என்ற எண்ணத்தை விட்டேன்.

வீட்டுக்காரர்களுக்கு: ரூபாய்

வீட்டு உரிமையாளர்களுக்கு எழுதியது எளிதாக முடிந்தது. அவர்களுக்கு நிலத்தடி நீர் பற்றிய பாடம் வேண்டியதில்லை, நாளிதழிலேயே தினமும் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் இல்லாதது கணக்கு.

மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் தனியார் டேங்கர்களுக்கு உச்ச விலை வைத்திருந்தது. 12,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரை 1,200 ரூபாய். எங்களுக்கு 1,200. நாளுக்கு ஏழு டேங்கர் என்றால் 8,400 ரூபாய், மாதத்துக்கு 2,52,000. அதை 96 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,625 ரூபாய். ஐந்து டேங்கரில் சமாளித்தால் 1,875. ஆகவே அறிவிப்பின் முதல் வரியிலேயே, “இரண்டு டேங்கர் குறைந்தால் உங்கள் வீட்டுக்கு மாதம் 750 ரூபாய் மிச்சம்” என்று எழுதினேன். அடுத்த வரியில் லிட்டர் கணக்கு. ஏழு டேங்கர் என்றால் வீட்டுக்கு நாளுக்கு 875 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதே மத்திய அரசின் வழிகாட்டு அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது 540 லிட்டர். மிச்சம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் சமையலறையில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அரைப் பக்கம்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதே தாளில் ஒரு வரியை மட்டும் மாற்றினேன். பலருடைய வாடகையில் பராமரிப்புக் கட்டணமும் அடக்கம் என்பதால் 750 ரூபாய் அவர்களைத் தொடாது. அவர்களைத் தொடுவது, மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா என்ற கேள்வி. டேங்கர் வரும் நேரத்தையும் சம்ப் (தரைக்கடித் தொட்டி) வழக்கமாகக் காலியாகும் நேரத்தையும் போட்டேன்.

அபராதத்தைப் பற்றியும் எழுதினோம். குடிநீரில் கார் கழுவுவது, தோட்டத்துக்கு ஊற்றுவது, கட்டட வேலை செய்வது இவற்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அந்த மார்ச்சில் உத்தரவு போட்டிருந்தது. திரும்பச் செய்தால் நாளுக்கு 500 ரூபாய் கூடுதல். இதைப் பெரிய எழுத்தில் பார்க்கிங்கில் ஒட்டியதும் கார் கழுவுவது இரண்டே நாளில் நின்றது. ஆனால் மூன்றாவது நாள் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர், காரைத் துடைத்துக்கொண்டிருந்த பையனை அரை பக்கெட் தண்ணீரோடு போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அந்தப் பையனுக்கு இரண்டு வீட்டு வேலை போனது. கழுவச் சொன்ன கார்க்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தாளை நானே கிழித்தேன். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பெயர் போட்ட தனிச் சீட்டாக அதையே மறுபடி எழுதி, அவரவர் வீட்டுக் கதவிடுக்கில் வைத்தோம். அந்தப் பையன் போன வேலை திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. எழுதியதில் எனக்கு இன்றும் வருத்தம் உள்ளது இந்த ஒன்றுதான்.

வேலைக்கு வரும் அக்காக்களுக்கு: அன்னக்கூடை

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகச் சொல்லவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்து, அரை மணி நடை தூரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கிறார்கள். கொஞ்சம் பேர் தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம். பாத்திரம் கழுவுவது, வீடு துடைப்பது, துணி அலசுவது எல்லாம் இவர்கள் கையால்தான் நடக்கிறது. தண்ணீர் அதிகம் செலவாகும் இடமும் இவைதான். ஆகவே இவர்களுக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். என் தாய்மொழி என்பதால் எளிதாக வந்தது.

“அன்பார்ந்த பணியாளர்களுக்கு. தண்ணீரை வீணாக்காதீர்கள். பாத்திரங்களைக் கழுவும்போது குழாயைத் திறந்தே வைக்காமல், ஒரு கொள்கலனில் நீரை நிரப்பிப் பயன்படுத்தவும்.”

எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடம் இதைக் கொடுத்தேன். ஐம்பதை ஒட்டிய வயது, ஐந்தாவது வரை படித்தவர். சிங்க் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

“ஏம்மா, இது எங்களுக்கா?”

“ஆமாங்கா, வேலைக்கு வர்றவங்க எல்லாருக்கும்.”

“நாங்க அஞ்சு பேரு, ஒரு நாளைக்குப் பத்துக் குடத்துல குளிச்சு, சமைச்சு, துவைச்சு முடிக்கிறோம். எங்களைப் பாத்து வீணாக்காதீங்கன்னு எழுதியிருக்கீங்களேம்மா.”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அந்தத் தாளைத் திருப்பி மேடைமேல் வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து நான்தான் பேச்சைத் தொடங்கினேன். ஒரு பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் 12,000 லிட்டர் டேங்கர் 800 குடம். எங்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் டேங்கரில் மட்டும் நாளுக்குச் சராசரியாக 58 குடம் போகிறது என்று சொன்னேன். வாயில் கையை வைத்துக்கொண்டார். “அம்பத்தெட்டா? நாலு பேருக்கா?”

அப்புறம் அவரே சொல்ல ஆரம்பித்தார். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவது அவருடைய பழக்கமே கிடையாது. ஊரில் எல்லோரும் அன்னக்கூடையில் முக்கித்தான் கழுவுவார்கள். முதலில் சோப்பு, அப்புறம் ஒரு முக்கு, அப்புறம் நல்ல தண்ணீரில் இன்னொரு முக்கு. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் அப்படிச் செய்தபோது, அந்த வீட்டம்மா சுத்தமாக இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் மறுபடி கழுவச் சொல்லியிருக்கிறார். இன்னொரு வீட்டில் சிங்க்குக்குள் எந்தப் பாத்திரத்தையும் வைக்கவே கூடாது. “நீங்க எனக்கு எழுதி என்னம்மா பிரயோசனம்? அந்த வீட்டம்மாவுக்கு எழுதுங்க. அவங்க சரின்னு சொன்னா நான் நாளைக்கே அன்னக்கூடையில கழுவறேன்.”

இந்த இடத்தில்தான் வேலையின் பாதை திரும்பியது. வேலையைச் செய்கிறவரும் அதை எப்படிச் செய்வது என்று முடிவுசெய்கிறவரும் ஒரே ஆள் என்று நான் நினைத்திருந்தேன். கார் துடைத்த பையன் விஷயத்தில் செய்த அதே தவறு. அங்கே ஒருவர் வேலை போனது. இங்கே அந்த அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்ததால் தப்பித்தேன்.

அன்று இரவு வீட்டுக்காரர்களுக்குப் போன அரைப் பக்கத்தின் அடியில் மூன்று வரி சேர்த்தேன். “உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரிடம் நாளைக் காலை நீங்களே இதைச் சொல்லுங்கள்: ‘குழாயை ஓடவிடவேண்டாம். அன்னக்கூடையில் இரண்டு முறை அலசினால் போதும்.’ நீங்கள் சொன்னால்தான் அவர் செய்யமுடியும்.” சொல்லவேண்டிய வாக்கியத்தையே எழுதிக் கொடுத்தது உதவியது. தமிழ் தெரியாத வீட்டுக்காரர்கள்கூட ஆங்கில எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து, “அன்னக்கூடை, அன்னக்கூடை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சங்கம் ஆளுக்கொரு அன்னக்கூடை வாங்கித் தந்தது.

வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று எழுதிய தாள் எங்கும் ஒட்டப்படவே இல்லை. அந்த அக்காவே குரல் பதிவாக அதைச் சொன்னார். என் “கொள்கலன்” அதில் இல்லை. அது என்ன என்று அவர் கேட்டபோதே அந்தச் சொல் போய்விட்டது. “பணியாளர்”, “பயன்படுத்தவும்”, “அன்பார்ந்த” எதுவும் இல்லை. “சோப்பு போடறப்போ பைப்பை மூடிடு. அன்னக்கூடையில முக்கு. கடைசித் தண்ணிய ஊத்திடாத, மாப்பு போட வச்சுக்கோ” என்றார். மூன்றாவது வரி என் நோட்டீஸில் இல்லவே இல்லை. பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரில் சோப்பு கொஞ்சம்தான் இருக்கும், தரை துடைக்க அது போதும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதையே இன்னொருவர் தெலுங்கிலும் மூன்றாமவர் கன்னடத்திலும் பேசினார்கள். அரை நிமிடப் பதிவு. போனிலிருந்து போனுக்குப் போய், பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் பரவியது.

காவலாளிகளுக்கு, பிள்ளைகளுக்கு

காவலாளிகளுக்கு எழுதியது ஒரு பதிவேடு. படிப்பதற்குப் பதில் அவர்கள் நிரப்பவேண்டியது. வண்டி எண், வந்த நேரம், இறக்குவதற்கு முன் மீட்டர், இறக்கிய பின் மீட்டர், டிரைவர் கையெழுத்து என ஐந்து கட்டம், தலைப்புகள் இந்தியில். முதல் வாரத்திலேயே இரண்டு வண்டிகள் 12,000 என்று சொல்லி 10,000-க்குக் கொஞ்சம் மேல்தான் இறக்கின என்று தெரிந்தது. கட்டம் வரைவதும் எழுத்துதான் என்று நான் நம்புகிறேன், கட்டத்தின் தலைப்பில் ஒரு சொல் பிசகினால் மொத்தப் பதிவேடும் வீண். “அளவு” என்று மட்டும் போட்டிருந்தால் டிரைவர் சொன்ன 12,000-தான் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

பிள்ளைகளுக்குப் போஸ்டர் வரைந்தோம். அழகாக வந்தது. ஆனால் அதனால் ஒரு லிட்டர்கூட மிச்சமானதாக நான் சொல்லமாட்டேன். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர்வரை வெளியே தள்ளுகிறது என்று சொல்லி, அந்தக் குழாயின் கீழ் பக்கெட் வைத்து தினம் அளக்கும் வேலையைக் கொடுத்தபோதுதான் பிள்ளைகள் மும்முரமானார்கள்.

வாரியத்துக்குக் கடிதம்

குடிநீர் வாரியத்துக்கு எழுதும் கடிதம் கன்னடத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். எனக்குக் கன்னடம் பேசவரும், எழுதவராது. நான்காவது மாடியில் மண்டியாக்காரர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஆங்கிலத்தில் எழுதிய வரைவை அவரிடம் கொடுத்தேன். போர்வெல் வற்றியது, வயதானவர்கள் படும் பாடு, டேங்கர் செலவு, கோடை இன்னும் முடியவில்லை, எப்போது விடிவு என்று ஒரு பக்கத்துக்கு இருந்தது. மனதில் பட்டதை எல்லாம் கொட்டியிருந்தேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “ஏன் பேகோ அதன்ன மொதலு பரீரி” என்றார். என்ன வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். “அவர் மேஜையில் இன்றைக்கு இப்படி நாற்பது கடிதம் இருக்கும். அவருக்கும் வீட்டில் தண்ணீர் இல்லை. கஷ்டத்தை அவருக்குச் சொல்லித் தரவேண்டாம்.”

அவர் எழுதியது ‘விஷய’, அதாவது ‘பொருள்’ என்ற வரியிலிருந்து தொடங்கியது. ஒரே வாக்கியம்: காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தில் 96 வீடுகள் கொண்ட இந்தக் குடியிருப்புக்கு இணைப்பு வேண்டி விண்ணப்பம். அதன்கீழே ‘மான்யரே’ (ஐயா) என்று அழைத்துவிட்டு நான்கு வரி. முகவரி, வீடுகளின் எண்ணிக்கை, தெருவில் குழாய் எதுவரை வந்திருக்கிறது, இணைத்துள்ள தாள்கள் எவை. காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) நகல், சொத்துவரி ரசீது எல்லாவற்றுக்கும் எண் போட்டு, அந்த எண்ணையே கடிதத்திலும் குறித்தார். நான் எழுதியிருந்த உருக்கமான வரிகளில் ஒன்றுகூட இல்லை. எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் அலுவலகத்தில் அதை வாங்கியவர் விஷய வரியைப் படித்தார், இணைப்புகளை எண்ணினார், முத்திரை போட்டு நகலைக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே வேலை முடிந்தது.

மன்னார்குடிப் பெரியப்பாவுக்கு

ஆறாவது, ஒரு தமிழ்ச் சிற்றிதழுக்காக எழுதிய கட்டுரை. இது யாரையும் எதையும் செய்யவைக்க அல்ல. பெங்களூரில் தண்ணீர் இல்லை என்ற செய்தி தமிழ்நாட்டில் வேறு மாதிரி காதில் விழுகிறது, அதை விளக்கவேண்டும் என்று தோன்றியது. முதல் வரைவை, மன்னார்குடிப் பக்கம் நெல் போடும் என் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. “ஏன் பாப்பா, குறுவைக்குத் தண்ணி பத்தல. நீங்க அந்தக் காவிரியில காரு கழுவுனீங்களா?”

காவிரி என்ற சொல்லை நான் பெங்களூர்க்காரியாக எழுதியிருந்தேன். இங்கே அது குழாயில் வரும் நல்ல தண்ணீர். டேங்கர் தண்ணீர், போர் தண்ணீர், காவிரித் தண்ணீர் என்று மூன்று வகைச் சொல்லில் ஒன்று. பெரியப்பாவுக்கு அது மேட்டூர் திறக்கும் நாள், வாய்க்கால், வழக்கு. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இதே நகரத்தில் அந்தச் சொல்லுக்காக என்ன கலவரம் நடந்தது என்பது இங்குள்ள தமிழர்கள் ஒருவருக்கும் மறக்காது. ஒரு பக்கத்தாருக்கு எழுதுவது இன்னொரு பக்கத்தார் கண்ணிலும் படும் என்று நினைத்துத்தான் அதை எழுதவேண்டும். பயத்தால் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நான் மதிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே திரும்ப எழுதியபோது பெரியப்பாவுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன், டி.எம்.சி. கணக்கிலிருந்து. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. தமிழ்நாட்டுக்கு 177.25. அப்புறம்தான் நகரம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குமேல் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லாத ஊர். முதலில் ஏரிகளை நம்பியிருந்தது, பிறகு அர்க்காவதி ஆற்றில் ஹெசரகட்டா நீர்த்தேக்கம், 1930-களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். 1974-இல்தான் காவிரி முதல் கட்டம். டி.கே.ஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், 500 மீட்டர் அளவுக்கு மேலே ஏற்றித் தள்ளவேண்டும். அப்படி வந்தும் அந்தக் கோடையில் நகரத்தின் பாதித் தேவையைத்தான் அது கொஞ்சம் தாண்டியது, மீதிக்குப் போர்வெல்லும் டேங்கரும்தான். எங்களைப் போன்ற ஓரங்களில் வாங்கியது காவிரியே இல்லை, பக்கத்துக் கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர்.

இந்தக் கடைசி வரிதான் பெரியப்பாவை நிறுத்தியது. “அப்ப அந்தக் கிராமத்துக்காரன் பயிருக்கு என்னடா பண்ணுவான்?” என்று கேட்டார். கட்டுரையின் முடிவுப் பகுதியை அந்தக் கேள்வியை வைத்து எழுதினேன். அது மட்டும் நாலு பக்கம் வந்தது. மற்ற ஐந்தையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. காரியம் முடியவேண்டிய எழுத்தைச் சுருக்கலாம். ஒருவர் மனதில் ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் ஒன்றைத் தொட்டு எழுதும்போது சுருக்கினால் காயம்தான் படும் என்பது என் அனுபவம்.

விளைவு

ஏப்ரல் நடுவில் ஏழு டேங்கர் ஐந்தானது. சில நாள் நான்கு. இது முழுக்க எழுத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன். பொது இடங்களின் குழாய்களில் தண்ணீர் விழும் அளவைக் குறைக்கும் ஏரேட்டர் பொருத்தினோம், இரவு பதினொன்றுக்கு மேல் சப்ளையை நிறுத்தினோம், பள்ளி விடுமுறைக்குப் பல குடும்பங்கள் ஊருக்குப் போயிருந்தன. ஆனால் அன்னக்கூடை வந்த வாரத்தில், இவை எதுவும் தொடங்குவதற்கு முன்பே, ஒரு டேங்கர் குறைந்தது. பதிவேட்டில் அது இருக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடுகளில் மட்டும் நாங்கள் எழுதிய எதுவும் ஏறவில்லை. அவர்களில் ஒருவரிடமாவது முதலில் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும், நான் பேசவில்லை.

2024 அக்டோபர் 16 அன்று ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர், எங்களைப் போன்ற 110 கிராமங்களுக்காக.

அதற்குமுன், மே மாதத்தில், எங்கள் வீட்டு அக்கா ஒரு நாள் வேலை முடிந்தும் போகாமல் நின்றார். “எங்க தெருவுக்கும் ஒரு கடுதாசி எழுதித் தரணும்மா.” தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்று எழுதலாமா என்றேன். வேண்டாம் என்றார். மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆனால் எந்த நேரம் என்று தெரியாது. வாட்டர்மேன் வால்வைத் திறக்கும்வரை குடத்தோடு காத்திருப்பதில் யாராவது ஒருவருக்கு அரை நாள் வேலை போகிறது. “எவ்ளோ வந்தாலும் சரி. எப்ப வரும்னு மொத நாளு சாயங்காலமே சொல்லிட்டாப் போதும்.” மண்டியா மாஸ்டர் அதை அப்படியே விஷய வரியாக எழுதினார். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

நான் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, “சாயங்காலம் யாருக்குப் போன் பண்ணிச் சொல்லணும்னு இதுல இல்லையேம்மா?” என்றார். நானும் மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடிதத்தின் அடியில் மூன்று போன் எண்களைச் சேர்த்தோம். எந்த வரிசையில் என்று அவரே சொன்னார்: காலையில் கடைசியாக வேலைக்குக் கிளம்புகிறவள் எண் முதலில்.